வாசற்படியில் எடுத்த அளவு

முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட அக்டோபர்தான் சரியான மாதம் ஐயா. முன்னால் போட்டால் குழைந்துவிடும். யுகிம் வந்தபோது நான் தோட்டத்துக் குடிலில் மரப்பீப்பாயை நிரப்பி, மேலே பலகை போட்டு, அதை அழுத்தும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆறு கிலோ ஆற்றுக்கல்.

அவனைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அணு உலை வெடித்த வருஷம் அதன் கூரையில் சிதறிக் கிடந்த கதிர்வீசும் துண்டுகளை மண்வெட்டியால் வாரித் தள்ளியவர்களில் அவனும் ஒருவன். நான் அங்கே கதிர்வீச்சு அளப்பவன். கதிரை ரெம் கணக்கில் அளப்போம்; உடம்பில் இருபத்தைந்து ரெம் சேர்ந்தவனை 'வெந்துட்டான்' என்போம். வெந்தவனை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பதால் யாரும் சீக்கிரம் வேகக் கூடாது என்று மேலிடம் ஜாடையாகச் சொன்னது. ஆளுக்கொரு கருவியும் கிடையாது. ஓரிடத்தில் அளந்து, நின்ற நேரத்தால் பெருக்கி, குழு முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதுவோம். நான் கூரைக்குப் போகும் வாசற்படியில் நின்று அளந்தேன். வெளியே போனால் கதிர் என் மேலும் படும் இல்லையா? யுகிமுக்கு ஒன்பது என்று எழுதினேன். தொண்ணூறு இருந்திருக்கும்.

"என்ன வலேர்யன் மகாரோவிச், அடையாளம் தெரியலையா? முடியெல்லாம் போயிடுச்சு. சீப்பு மட்டும் பாக்கெட்டுல கெடக்கு, வேணும்னா வச்சுக்கோங்க" என்று சிரித்தான்.

இரத்தப் புற்றுநோய். ஒன்பது ரெம்முக்கு இது வந்திருக்காது என்று மருத்துவக் குழு அவன் மனுவைத் தள்ளிவிட்டதாம். கூரையால் வந்த நோய் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் தலைநகர மருத்துவமனையில் மஜ்ஜை மாற்ற இடம் கிடைக்கும்.

"வாசல்ல நின்னு அளந்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம். எனக்கு வாழணும்ங்க."

பொறுமையாக விளக்கினேன். கதிர் உயிரணுவுக்குள் இருக்கும் மரபு இழையை அறுக்கிறது. உடம்பு அதைத் தைத்துக்கொள்கிறது. எங்கோ ஒரு தையல் கோணலாகிவிட்டால், வருஷங்கள் கழித்து அந்த அணு கட்டுப்பாடில்லாமல் பெருகலாம். அளவு கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஆனால் நூறு பேரை எடுத்துக்கொண்டால் இருபது முப்பது பேருக்கு எப்படியும் ஏதாவதொரு புற்று வரத்தான் செய்யும். கதிர் பட்டால் இன்னும் சிலர் சேர்வார்கள். அந்தச் சிலர் யார் யார் என்று எந்த டாக்டராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

"உனக்குச் சும்மாவே வந்திருக்கலாம்ப்பா" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "சும்மாவா? எங்க குழுவுல பன்னெண்டு பேரு. ஏழு பேரைப் புதைச்சாச்சு. எல்லாம் சும்மாதான் செத்தானுங்களா? கதவைத் தாண்டாத பயந்தாங்கொள்ளி நீ. நாளைக்குக் கமிட்டி முன்னாடி நின்னு இதைச் சொல்லத்தான் போறேன்."

எனக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. என் கையால் எண் எழுதப்பட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவனுக்குத் திருத்தினால் அத்தனை பேருக்கும் திருத்த வேண்டும். அவன் திரும்பி நடந்தான். கல் என் கையில்தான் இருந்தது.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. மண்டியிட்டு, "கையெழுத்து..." என்றான். இரண்டாவது அடியில் எலும்பு உள்ளே போனது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் அடித்தேன். இந்த நோய்க்காரர்களுக்கு இரத்தம் சீக்கிரம் உறையாது என்று படித்திருக்கிறேன். உண்மைதான், நின்றபாடில்லை. பிறகு கல்லைக் கழுவிப் பலகை மேல் வைத்தேன். பாரம் இல்லாவிட்டால் கோஸ் மிதந்து கெட்டுவிடும்.

எப்படியும் அவன் வசந்தம் வரை தாங்கியிருக்க மாட்டான். நான் எடுத்துக்கொண்டது ஐந்தாறு மாதம்தான்.

உங்கள் விசாரணைப் படிவத்தில் எத்தனை பேரைக் கொன்றாய் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கல் பட்டது, செத்தான், காரணம் தெளிவு. மற்ற முந்நூற்றுப் பதினொரு பேர் விஷயத்தில் அப்படி நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது.