உதட்டு நீலம்

கொழும்பில் நல்ல எண்ணெய் வர்ணம் வாங்குவது லேசான காரியமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பம்பலப்பிட்டிக் கடையில் சிவப்பு இருக்கும் நாளில் மஞ்சள் இருக்காது. மஞ்சள் வந்தால் அது ட்யூப்புக்குள்ளேயே பாதி காய்ந்திருக்கும். நான் பொழுதுபோகாமல் படம் வரைகிற ஆள் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கொன்ஸ்டபிள் நபீஸ் சிங்களத்தில் உங்களுக்குச் சொல்லும்போது இதை விட்டுவிடாமல் சொல்லட்டும்.

நான் வரைவது வீட்டுக் காட்சிகள். என் மனைவி கௌரி தேங்காய் துருவுவாள், மீன் வெட்டுவாள், உடுப்புக் காயப்போடுவாள். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் நான் அவற்றை வரைவதில்லை. கோபம் இருந்தால் சுவர் சிவப்பு. பயம் இருந்தால் கை பச்சை. கௌரிக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. தனக்கு ஏன் பச்சைக் கை என்று கேட்பாள். கீரை கடைந்த கை என்று வைத்துக்கொள் என்பேன். அப்படிப் பகிடி பேசிச் சிரித்துக்கொண்டிருந்த புருஷன் பெண்சாதிதான் நாங்கள்.

போன மாதம் என் படங்களைக் கண்காட்சிக்கு வைத்தேன். சித்திரம் படிப்பிக்கும் மஸாஹிரா வந்திருந்தார். மரியாதையான பெண்மணி. கௌரி சமையலறையில் இருக்கும் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"கலரெல்லாம் சத்தம் போடுது, நாகேந்திரம் சேர். ஆனா அந்தப் பொம்புளட மொகத்துல ஒண்டுமே இல்லியே" என்றார்.

பக்கத்தில் நின்ற கௌரி தலையாட்டினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது.  யோசித்துப் பார்த்தபோது குறை என் கையில் இல்லை என்று விளங்கியது. இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் அவள் எனக்கு ஒரு உணர்ச்சியையாவது முழுசாகத் தந்ததில்லை. இல்லாததை நான் எப்படி வரைவது?

அதனால் அதே படத்தைத் திரும்பவும் தொடங்கினேன். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் கடற்காற்று நேரே உள்ளே வரும். திரைச்சீலை ஆடினால் வெளிச்சம் கெட்டுவிடும், ஆகவே ஜன்னல்களைச் சாத்தினேன். வர்ணம் கரைக்கிற டேர்பன்டைன் மணம் கௌரிக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. வாயில் வைத்து மருந்து இழுக்கிற பம்ப் இல்லாமல் படியிறங்கமாட்டாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். சில நாள் பொறுத்தாள். பிறகு, மணம் போகும்வரை கிருலப்பனையில் தன் தம்பி சுமன் வீட்டில் போய் நிற்கப்போவதாகச் சொன்னாள். சரி என்றுதான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை கைப்பையோடு வந்து கதவடியில் நின்றாள். "நான் போறன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள், ஐயா. முடக்குக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்' என்போம். உங்கள் சிங்களத்திலும் 'கிஹில்லா என்னம்' என்றுதானே சொல்கிறீர்கள். வருவதைச் சொல்லாமல் போகிறவள் திரும்பி வருகிற எண்ணத்தோடு போகவில்லை. நான் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன். கைப்பையையும் வாங்கி வைத்தேன்.

மூச்சு முட்டியதால் மிச்சச் சொல் அவளுக்கு வாயில் வராமல் போயிருக்கலாம் என்று உங்கள் டொக்டர் சொல்கிறார். இருக்கலாம். எனக்கு வைத்தியம் தெரியாது. காதில் விழுந்ததை வைத்துத்தானே நான் முடிவெடுக்க முடியும்?

அவள் கதவைத் தட்டினாள். முன் வீட்டு அஷ்ரப் குடும்பத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பிறகு அவளாகவே வந்து சமையலறை ஸ்டூலில் இருந்தாள். நான் அவளைப் பிடித்து இருத்தவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்தபடி இருந்தாள். அந்த முகத்தில் எல்லாம் இருந்தது. நான் தூரிகையை எடுத்தேன்.

எத்தனையோ முகங்களுக்கு நான் என் இஷ்டத்துக்கு நீலம் பூசியிருக்கிறேன். உதட்டில் தானாக வருகிற நீலம் அப்படியானதில்லை. அதில் கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும், மிகக் கொஞ்சம். இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாம் தரம் சரிவந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஏன் ஜன்னலையாவது திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திறந்திருந்தால் அவளுக்கு முகம் தெளிந்திருக்கும். படம் அதற்குள் முடிந்திருக்கவில்லை.

ஒரே ஒரு சொல் சொன்னாள். கையை நீட்டி, "தாங்கோ" என்றாள். 

ஆகவே கௌரியின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவள் என்னை வெறுத்தாள் என்று சுமன் உங்களிடம் சொன்னதை மட்டும் எழுதவேண்டாம். அது பொய். கடைசி மூச்சுவரை அவள் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அவள் என்னை அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை. பம்ப் என் சேர்ட்டுப் பையில் இருந்தது உண்மைதான், ஆனால் அவள் பார்த்தது என் முகத்தை.