ஆடாதவன் ஸ்கேட்டுக்கும் சாணை பிடித்த ஐமோ கார்வோனன் அவர்களுக்கு

ரெட்பைன் லூன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் தளவாடப் பொறுப்பாளராக முப்பத்தோர் ஆண்டுகள் முறை பிறழாது பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் உயர்திரு ஐமோ கார்வோனன் அவர்களுக்கு, அணியினர் அனைவரும் அகம் நெகிழ்ந்து அளிக்கும் பாராட்டு மடல்.

சாணைக்கல்லின் சக்கரவர்த்தியே! சலிப்பறியாச் செம்மலே! வார்த்தைகளை வாரி வழங்காத வள்ளலே! ஈரக் கையுறைகளின் நாற்றத்தை முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முகர்ந்த மூத்தவரே! வணக்கம்!

இம்மடலை எழுதும் பேறு முதலில் கேப்டன் பெனுவா திபோ அவர்களுக்கே வழங்கப்பட்டது. அவர் வலக்கையில் மாவுக்கட்டு. அடுத்தவர் கோல்ஃப் ஆட ஃபுளோரிடா போய்விட்டார். மூன்றாமவர் தமக்கு எழுத வராது என்று கையை விரித்தார். நான்காமவர் எழுதியே விட்டார். அதைப் படித்த பயிற்சியாளர் மக்ரே, "இத வாசிச்சா அந்த மனுஷன் மேடையிலேயே போய்ச் சேந்துருவாருய்யா" என்று கிழித்துப் போட்டார். இப்படியே இறங்கி இறங்கி, அணிப் பட்டியலின் ஒன்பதாம் தடுப்பாட்டக்காரனாகிய வெஸ் டானிலுக் என்னும் என் கையில் பேனா வந்து விழுந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஆறு தடுப்பாட்டக்காரர்கள்தாம் இறங்க முடியும். ஆகவே ஒன்பதாமவனின் வேலை என்ன என்பதை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சைச் சுருக்கிப் பெரும்பணி பெருக்கிய பெருந்தகையே! சென்ற சீசனில் தாங்கள் பேசிய சொற்களை நம் கோல்கீப்பர் எண்ணிப் பார்த்தார். இருநூற்றைத் தாண்டவில்லை என்றார். அவற்றில் பாதி காபி இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னவை. பெண்களும் பாதிரியாரும் அமர்ந்திருக்கும் இச்சபையில் அவற்றை வாசிக்க இயலாது.

நம் உடைமாற்றும் அறையில் நிலையான ஆட்டக்காரனின் இருக்கைக்கு மேல் பித்தளைப் பலகையில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வந்து போகிறவனுக்கு வெள்ளை டேப். கறுப்பு மையில் தாங்கள் பெயர் எழுதி ஒட்டுவீர்கள். அவனைக் கீழ் லீகுக்குத் திருப்பி அனுப்பும் அன்று உரித்து எடுப்பீர்கள். நான்கு ஆண்டுகளில் என் பெயர் இருபத்தாறு முறை ஒட்டப்பட்டது, இருபத்தைந்து முறை தங்கள் கையால் உரிக்கப்பட்டது. இடையில் நான் ஆடியது ஒன்பது ஆட்டங்கள். அந்த டேப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும் என்பதை இன்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றில் மட்டும் தாங்கள் பித்தளைக்கும் டேப்புக்கும் பேதம் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும், இறங்கப் போகிறவன், இறங்கப் போகாதவன், இறங்குவான் என்று அவன் அம்மாகூட நம்பாதவன் எல்லோருடைய ஸ்கேட்டையும் சாணை பிடிப்பீர்கள். நான் புதிதாக வந்த வருடம், பயிற்சியாளர் மக்ரே ஒருநாள் பொறுக்க மாட்டாமல் என்னைக் காட்டி, "ஐமோ, இவன் இன்னைக்கு ஆடப்போறதே இல்ல. மேல உக்காந்து பாக்கப்போறான். பாக்குறதுக்கு எதுக்குய்யா சாணை?" என்று கேட்டார். தாங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கூப்ட்டா வரணும்ல" என்றீர்கள். அந்த மாதத்தின் மிக நீண்ட சொற்பொழிவு அதுதான்.

கத்திமுனையில் எங்களை நிறுத்திக் காத்த காவலரே! கடந்த சீசனை நினைத்துப் பார்க்கிறோம். அக்டோபரில் நம்மைப் போல் அணி உண்டா என்று ஊரே மார்தட்டியது. முதல் வரிசை மூவரும் கோல் மேல் கோல் போட்டார்கள். பேக்கரியில் அவர்கள் பெயரில் டோனட் விற்றது. நவம்பரில் மேல் லீக் அணி ஒருவரை அழைத்துக்கொண்டது. அங்கே எவனுக்காவது கணுக்கால் பிசகினால் இங்கே நம் அறையில் ஓர் இருக்கை காலியாகும். நாம் கீழ் லீகிலிருந்து ஒருவனைப் பிடித்து வருவோம். கீழே அவர்கள் யாரைப் பிடித்து ஓட்டையை அடைத்தார்களோ, அது கடவுளுக்கே வெளிச்சம். டிசம்பரில் இரண்டாமவர் தும்மினார், முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாமவர் தம் வீட்டு வாசலில் பனி அள்ளும்போது சறுக்கி விழுந்தார். பனிமேல் ஓடிப் பிழைக்கிற மனிதர்! பிப்ரவரிக்குள் நாற்பத்து மூன்று பேர் நம் ஜெர்சியை மாட்டிக் கழற்றியிருந்தார்கள். பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு எண் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். நட்சத்திரங்களை வைத்து அக்டோபரை ஓட்டிவிடலாம், மார்ச்சை ஓட்டுவதற்கு யாரென்றே தெரியாத நாலாம் வரிசை வேண்டும் என்பதை அந்தக் குளிரில் நாம் கற்றுக்கொண்டோம். தாங்கள் மட்டும் இரண்டு பெட்டி டேப் கூடுதலாக வாங்கி வைத்திருந்தீர்கள்.

இதில் என் தனித்த சோகம் ஒன்று உண்டு. விழுந்தவர்கள் அத்தனை பேரும் முன்வரிசைக்காரர்கள். தடுப்பாட்டக்காரர்கள் ஆறு பேரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். அவர்களின் ஆரோக்கியத்தைக் கண்டு நான் அனுபவித்த வேதனையை அவர்கள் முன்னிலையில் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் அனுபவித்தேன். மார்ச் வரை ஓர் ஆட்டம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் கடைசியில் கடைசி ஆட்டம். வென்றால் எட்டாம் இடமும் பிளேஆஃப் வாய்ப்பும். தோற்றால் மறுநாள் முதல் ஏரியில் தூண்டில். அன்று காலைப் பயிற்சி முடிந்து நான் தங்களிடம் வந்தேன்.

"ஐமோ, நாளைக்கு ஊருக்குக் கெளம்புறேன். என் மச்சான் கூரை போடுற வேலைக்குக் கூப்புடுறான். இனிமே ஹாக்கி வேணாம். என் டேப்ப உரிச்சுப் போட்டுருங்க" என்றேன்.

தாங்கள் என் கையிலிருந்த ஸ்கேட்டை வாங்கிச் சாணைக்கல்லில் வைத்தீர்கள்.

"அதுக்கு எதுக்கு இப்போ சாணை?" என்றேன்.

"இன்னைக்கு மேட்ச் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. கிண்டல் செய்கிறீர்கள் என்றே நினைத்தேன். மாலையில் மேல்தளத்தில் போய் உட்கார்ந்து, இனி உடம்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு தட்டு பூட்டீன் வாங்கினேன். வறுத்த உருளைக்கிழங்கு, சீஸ் கட்டி, அதன்மேல் குழம்பு. இரண்டாம் தட்டில் பாதி இறங்கியிருந்தது. கீழே ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கேப்டன் பெனுவா பார்வையாளர் பக்கம் திரும்பித் தம் மாமியாருக்குக் கையசைத்தார். அசைத்த கை இறங்குவதற்குள் தம் ஜோடித் தடுப்பாட்டக்காரர்மேல் முழு வேகத்தில் மோதினார். ஒருவருக்கு மணிக்கட்டு, ஒருவருக்கு முழங்கால். மாமியார் மட்டும் கடைசிவரை கையசைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாமவனை அன்று காலைதான் மேல் லீக் அழைத்திருந்தது. எட்டாமவன் கீழே தயாராக நின்றான். இன்னும் ஓர் இடம். என் கைபேசி அலறியது.

"டேய் டானிலுக், எங்கடா இருக்க?"

"மேல கோச். சாப்ட்டுட்டு..."

"தின்னது போதும், எறங்கி வாடா!"

ஓடி வந்தேன். என் இருக்கைக்கு மேல் டேப் உரிக்கப்படவில்லை. பழையதன் ஓரம் சுருண்டிருந்ததால், தாங்கள் புதிதாக ஒன்று எழுதி ஒட்டியிருந்தீர்கள். ஜெர்சி மாட்டியிருந்தது. ஸ்கேட் இரண்டும் துடைத்துத் தீட்டி, நாடா தளர்த்தி, கால் நுழைக்கத் தோதாக நின்றன. தாங்கள் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"கால்சட்டை பெல்ட்ட ரெண்டு ஓட்டை தளத்தி வச்சிருக்கேன்" என்றீர்கள்.

அந்த ஆட்டத்தில் நான் கோல் ஏதும் போடவில்லை. போட்டேன் என்று என் ஊரில் பரவியிருக்கும் செய்திக்கு நான் பொறுப்பல்ல. ஆனால் மூன்றுக்கு இரண்டு என்று நாம் முன்னிலையில் இருந்த கடைசி நிமிடத்தில், அவர்கள் அடித்த பக் என்னும் ரப்பர் வட்டு நம் வலையை நோக்கி வந்தபோது, நான் அதன் குறுக்கே பாய்ந்து நின்றேன். மொட்டை ஸ்கேட்டாக இருந்திருந்தால் அந்த இடத்துக்கு என்னால் போய்ச் சேர்ந்தே இருக்க முடியாது. மார்புக் கவசம் முடிந்து கால்சட்டை தொடங்கும் சந்தில் பக் வந்து அறைந்தது. உள்ளே ஒன்றரைத் தட்டு பூட்டீன் இருந்தது. பக் பொத்தென்று கீழே விழுந்தது, நானும் விழுந்தேன், ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. நாம் பிளேஆஃபுக்குப் போனோம். அங்கே நான்கு ஆட்டங்களில் நான்கிலும் தோற்றது வேறு கதை, அதற்கு இம்மடலில் இடமில்லை.

மச்சானுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போன வாரம் பயிற்சியாளர், "உனக்குப் பித்தளை அடிக்கச் சொல்லிட்டேன்டா" என்றார். நான்கு ஆண்டுகள் ஏங்கிய பலகை அது. வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் உத்தமன் இல்லை. ஆனால் அந்தக் கடைசி டேப்பை உரித்து என் தொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். பித்தளை, இருக்கிறவனுக்கு. டேப், கூப்பிட்டால் வரக்கூடியவன் என்று யாரோ ஒருவர் நம்புகிறவனுக்கு. அது அவமானம் இல்லை என்று எனக்குப் புரிய இத்தனை காலம் ஆயிற்று, ஐயா. அந்த நம்பிக்கைக்கு நன்றி.

தாங்கள் தங்கள் துணைவியார் ஹெல்வி அம்மையாரோடு நூறாண்டு நோயின்றி வாழ்க! ஏரியின் மீன்கள் தங்கள் தூண்டிலை நாடி வருக! தங்கள் சானா என்னும் நீராவிக் குளியலறையின் கல் என்றும் சூடாக இருக்க! அம்மையாரோடாவது தாங்கள் இருநூறு சொற்களுக்கு மேல் பேசுக!

நிர்வாகம் தங்களுக்குச் செய்த பித்தளைக் கேடயம் இதோ மேசைமேல் இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அறையில், சாணைக்கல்லுக்கு மேல், வெள்ளை டேப்பில் "கார்வோனன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கையெழுத்து என்னுடையது, கோணல்தான். அலமாரியின் அடியில் தங்கள் பழைய ஸ்கேட் ஜோடி துருவேறிக் கிடந்தது. அதைத் துடைத்து, முறை வைத்து ஆளுக்குக் கொஞ்சம் சாணை பிடித்திருக்கிறோம். இடது கத்தியைக் கெடுத்தவர் பெனுவா, ஒரு கையால் பிடித்தார். அந்த ஜோடி டேப்புக்குக் கீழே தொங்குகிறது. அக்டோபர் முதல் வாரம் முதல் மேட்ச்.

கூப்ட்டா வரணும்.

இங்ஙனம்,
ரெட்பைன் லூன்ஸ் அணியினர்,
ஆடியவர்களும் ஆடாதவர்களும்