நாய்க் கேஸ்

இருங்கோ அக்கா, இருங்கோ, உது ஒருத்தற்றை இடமுமில்லை. பையை நான் மடியிலை எடுத்து வைக்கிறன். ஓம், தமிழ்தான். நீங்கள் போனிலை கதைச்சது கேட்டது. உங்களோடை வந்தவர் தம்பியோ? தேத்தண்ணி எடுக்கப் போறாரெண்டால் கொஞ்சம் சுணங்கும். கீழை அந்த மெசினுக்கு முன்னாலை எப்பவும் கியூதான்.

முதல் தடவையோ கோட்டுக்கு, வழக்குக்கெண்டு வாறது? பாக்கத் தெரியுது. கையை உப்பிடிப் பிசையாதேங்கோ. எங்கையிருந்து வாறியள்? ஹரோவோ? ம். என்ர தங்கச்சியும் ஹரோதான். நாங்கள் எட்மண்டன், லண்டன்ரை மற்றப் பக்கம்.

எனக்கு இந்தக் கட்டடம் புதுசில்லை. முதல் முதல் இங்கை வரேக்க நல்ல சாறி உடுத்து, பவுடர் போட்டு, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி வந்தனான். மகளின்ர போட்டிக்கு. ஓம், கோட்டிலைதான் போட்டி. எனக்கும் முதல்லை விளங்கேல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வைக்கிறவை. மொக் ட்ரையல் எண்டு சொல்லுவினம். பொய்யாய் ஒரு கேஸைக் கட்டி எழுதி எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் குடுப்பினம். ஒரு பள்ளிக்கூடம் குற்றம் சாட்டுற பக்கம், மற்றது மறுக்கிற பக்கம். பிள்ளையள்தான் லோயர், பிள்ளையள்தான் சாட்சி. ஆனால் ஜட்ஜ் மட்டும் உண்மையான ஜட்ஜ். கோடு பூட்டியிருக்கிற சனிக்கிழமையிலை பிள்ளையள் வந்து, கறுப்புக் கவுணும் அந்த வெள்ளைப் பொய் முடியும் போட்டுக்கொண்டு வாதாட வேணும்.

மகளுக்கு அப்ப பதினாறு முடிஞ்சிருந்தது. வாயில்லாத பிள்ளை அக்கா. கடையிலை மிச்சக்காசு பிழையாய்த் தந்தாலும் கேக்க மாட்டாள். அவளைப் போய் மரினா மிஸ் லோயராய்ப் போட்டுட்டா. மரினா மிஸ் எண்டுறது அவையின்ர சட்டப் பாட ரீச்சர். ஏன் மிஸ் இவளைப் போட்டனீங்கள் எண்டு கேட்டன். சத்தம் போடுற பிள்ளையள் எனக்கு வேண்டாம், இவள் காது குடுத்துக் கேக்கிறவள், அதுதான் வேணும் எண்டா.

கேஸ் என்னெண்டால் ஒரு நாய்க் கேஸ். ஒருத்தன் பார்க்கிலை தன்ர நாயை அவிட்டு விட்டிட்டான், அது ஒரு மனிசியைக் கடிச்சுப்போட்டுது, அவன் நிண்டு பாக்காமல் போட்டான். இதுதான் கதை. மகள் அந்த நாய்க்காரனைக் கூண்டிலை வைச்சுக் குறுக்குக் கேள்வி கேக்க வேணும். பள்ளிக்கூடத்திலை பழகேக்க நவநீத் எண்டொரு பெடியன்தான் நாய்க்காரன். அவன் கேள்வி கேட்டால் சிரிப்பான், நாய் மாதிரிக் குலைப்பான். இவளுக்கு அழுகை வரும். அப்ப வீட்டிலை பழகுவம் எண்டு வந்தாள். என்னை நிப்பாட்டிக் கேட்டாள். நான் எல்லாத்துக்கும் யெஸ் யெஸ் எண்டு சொன்னன். அம்மா, உங்களுக்கு ரண்டு நிமிசத்திலை மறியல், உள்ளை போட்டிடுவினம் எண்டு சொல்லிப்போட்டுத் தமையனைப் பிடிச்சாள்.

எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கிறான். இவளிலும் அஞ்சு வயசு கூட. பார்சல் குடுக்கிற வேலை. நல்ல பகிடிக்காரன். பின்னேரம் வேலையாலை வந்து, சப்பாத்தும் கழட்டாமல், குசினியிலை கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூண்டிலை நிக்கிற மாதிரி நிப்பான். மை லோட், என்ர நாய் சைவம் எண்டுவான். நான் புட்டு அவிச்சுக்கொண்டு சிரிப்பன். இவளும் சிரிப்பாள், பேந்து மூஞ்சையை இறுக்கிக்கொண்டு திரும்பக் கேப்பாள். அந்தக் கொஞ்ச நாளும் எங்கட வீட்டிலை இருந்த கலகலப்பு, அக்கா, நான் பிறகு காணேல்லை.

மரினா மிஸ் ஒரு வித்தை சொல்லிக் குடுத்திருக்கிறா. கேள்வி சின்னனாய் இருக்க வேணும். ஒரு கேள்விக்குள்ளை ஒரு விசயந்தான். அவன் பதில் சொன்னவுடனை அடுத்ததுக்கு ஓடாதை, பேசாமல் நில். மனிசருக்கு மௌனம் தாங்காது, தாங்களாய் வாயைத் திறப்பினம் எண்டு சொல்லியிருக்கிறா. மகள் அதைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகுவாள். கேள்வியை இல்லை, பேசாமல் நிக்கிறதை. எனக்கு அது பாக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. என்ர பிள்ளையின்ர முகத்திலை ஆரோ வேறை ஆள் நிக்கிற மாதிரி.

தேத்தண்ணி வந்திட்டுதோ? இல்லை, அது வேறை ஆள்.

மாசி மாதம். அஞ்சு மணிக்கே இருட்டுற காலம். ஒருநாள் நல்ல மழை. மூத்தவன் நனைஞ்சுபோய் வந்தான். காரிலை போனவன் என்னெண்டு நனைஞ்சவன் எண்டு எனக்கு அப்ப கேக்கத் தோன்றேல்லை. சாப்பாடு வேண்டாமெண்டிட்டு மேலை போட்டான். அடுத்த நாள் கார் வாசல்லை இல்லை. முன் லைட் பழுது, சிநேகிதன் ஒருத்தன் திருத்தித் தாறானெண்டு குடுத்தனான் எண்டான். சரியெண்டு விட்டன். வாகனமெண்டால் பழுதாகுந்தானே.

அதுக்குப் பிறகு அவன்ரை பகிடி நிண்டுபோச்சு. வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பாப்பான். குளிக்கப் போனால் தண்ணி ஓடிக்கொண்டே கிடக்கும். மகளுக்குப் போட்டி கிட்டுது, அவள் விடமாட்டாள். அண்ணா, ஒருக்கா, ஒரேயொருக்கா எண்டு கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து கதிரையிலை விட்டாள். நான் அடுப்படியிலை நிக்கிறன். அவள் கேக்கிறாள்.

நாய் உங்கட கையிலை இருந்ததோ? இருந்தது. பேந்து கைவிட்டுப் போச்சுதோ? ஓம். சத்தம் ஒண்டு கேட்டதோ? கேட்டது. திரும்பிப் பாத்தனீங்களோ?

அவன் பேசாமல் இருந்தான். இவளும் மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரிப் பேசாமல் நிண்டாள். குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டுந்தான். கொஞ்சம் பொறுத்து அவன் சொல்லுறான், பாத்தனான், ஆனால் மழை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, ஒண்டும் வடிவாய்த் தெரியேல்லை எண்டு.

விளங்குதோ அக்கா? பார்க்கிலை நாயோடை நடந்து போறவனுக்கு வைப்பர் எங்காலை வந்தது?

எனக்கு இங்கிலீசு அரைகுறைதான். ஆனால் வைப்பர் எண்டால் கார்க் கண்ணாடி துடைக்கிறது எண்டு தெரியும். நான் திரும்பிப் பாக்கேல்லை. குழம்பை இறக்கி வைச்சன். மகள் தாங்க்யூ, நோ ஃபர்தர் குவெஸ்சன்ஸ், இனிக் கேள்வி இல்லையெண்டு அந்தக் கோட்டுப் பாசையிலையே சொல்லிப்போட்டுத் தன்ர தாளுகளை அடுக்கினாள். அவன் எழும்பி மேலை போனான். தான் என்ன சொன்னவன் எண்டு அவனுக்குத் தெரியாது.

அந்தக் கிழமை எங்கட பஸ் ஸ்டொப்புக்குப் பக்கத்திலை பொலிஸ் ஒரு மஞ்சள் அறிவிப்புப் போட் வைச்சிருந்தது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், இப்பிடி ஏதும் நடந்தால் வைக்கிறவை. ஒராளை அடிச்சுப்போட்டுக் கார் நிக்காமல் போச்சு, கண்ட ஆக்கள் சொல்லுங்கோ எண்டு. நானும் மகளும் அந்தப் போட்டுக்குப் பக்கத்திலைதான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு நிக்கிறது. நான் ரோட்டைப் பாப்பன். அவள் அந்தப் போட்டைப் பாப்பாள்.

போட்டி நாள் வந்தது. அந்தா, அந்த அறைக்குள்ளைதான். நான் பின் வாங்கிலை இருந்தனான். வெள்ளை முடி அவளுக்குக் கொஞ்சம் பெரிசு, காதுக்கு மேலை ஆடிக்கொண்டிருந்தது. மற்றப் பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருத்தன் நாய்க்காரனாய் நிண்டான், நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை போலை, நெஞ்சை நிமித்திக்கொண்டு. இவள் எழும்பினாள். சத்தமே போடேல்லை. சின்னச் சின்னக் கேள்வி. கேட்டுப்போட்டுப் பேசாமல் நிண்டாள். அவன் எச்சில் விழுங்கினதை நான் கண்டன். கடைசியாய், திரும்பிப் பாத்தனீங்களோ எண்டு கேட்டாள். கேக்கேக்க அவனைப் பாக்கேல்லை அக்கா. தலையைத் திருப்பி என்னைப் பாத்தாள்.

வெண்டவள்தான். ஜட்ஜ் பேர் சொல்லிப் பாராட்டினவர். மரினா மிஸ் கட்டிப்பிடிச்சு அழுதா. நவநீத் குலைச்சுக் காட்டினான், எல்லாரும் சிரிச்சவை. இவள் சிரிக்கேல்லை. பஸ்ஸிலை மேல் தட்டிலை முன் சீற்றிலை இருந்துகொண்டு போறம், அப்ப கேட்டாள். அம்மா, வைப்பர் எண்டு அண்ணா சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே எண்டு. நான் ஓமெண்டன். அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டாள். எட்மண்டன் வரும் மட்டும் விடேல்லை.

அண்டைக்கே தமையனிட்டைப் போய்க் கேட்டாள். கதவைச் சாத்திப்போட்டு, பொய்க் கேஸ் மாதிரி இல்லை, தங்கச்சியாய்க் கேட்டாள். அவன் சொல்லிப்போட்டான். ரோட்டுக் கடவையிலை ஒராள் குடையோடை இறங்கினவராம். காணேல்லையாம். இறங்கிப் போய்ப் பாத்தவனாம். அதிலைதான் நனைஞ்சவன். அவர் கையை அசைச்சவராம். பயத்திலை திரும்ப ஏறி ஓடி வந்திட்டான். கையை அசைச்சவர் எண்டு சொன்னதைத்தான் அவளாலை தாங்க ஏலாமல் போச்சு. அண்ணா, நீயாய்ப் போய்ச் சொல்லு, நானும் வாறன் எண்டாள். ஓமெண்டான். நாளைக்கு, நாளைக்கு எண்டான். பிறகு பாத்தால் விசயம் தெரிஞ்ச தகப்பன் அவனுக்குக் கனடாவுக்கு ரிக்கற் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்பத்தான் அவள் ஸ்கூல் யூனிபோமோடை பொலிசுக்குப் போனவள். தனிய இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். பெத்த வயிறு எப்பிடி விட்டதெண்டு சனம் கேக்குது. கேக்கட்டும். மாதா கோயில்லை எனக்குப் பக்கத்திலை இருந்தவை இப்ப ரண்டு வாங்கு தள்ளி இருக்கினம். பொலிசிலை நானும் கேட்டதைச் சொன்னன், ஆனால் வைப்பர் எண்ட ஒரு சொல்லு காணாதாம். தமையன் அவளுக்குச் சொன்னதுதான் வேணுமாம். அவன் இப்ப இல்லையெண்டு நிக்கிறான். காரை அண்டைக்குச் சிநேகிதன்தான் கொண்டு போனவனாம், தங்கச்சி பள்ளிக்கூட நாடகத்தையும் உண்மையையும் போட்டுக் குழப்புறாளாம். அவன்ரை லோயர் அப்பிடித்தான் கேக்கப் போறாராம். தகப்பன் மகன்ரை பக்கம். மகளோடை கதைக்கிறேல்லை, அவளை வீட்டிலை வைச்சிருக்கவும் விடேல்லை. அதுதான் என்ர தங்கச்சியோடை ஹரோவிலை இருக்கிறாள். இப்ப பதினெட்டு அவளுக்கு. சட்டம் படிக்கேல்லை. இனி அந்தப் பக்கமே போகமாட்டன் எண்டு நேர்சிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

ஏனக்கா எழும்புறியள்? இருங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன். தொடவும் மாட்டன். குடையோடை இறங்கினவர் உங்கட ஆள் எண்டு தெரிஞ்சுதான் இவ்வளவும் சொன்னனான். மூத்தவனுக்காக நான் ஆரிட்டையும் ஒண்டும் கேக்க வரேல்லை, அவன் செய்ததுக்கு அவன் நிக்கட்டும். தம்பி வரமுதல் இதை மட்டும் சொல்லிப்போட்டு அங்காலை போறன்.

நான் உள்ளுக்கு வரேல்லை. அம்மா நீங்கள் அந்த வாங்கிலை இருந்தால் எனக்கு வாய் வராது எண்டு அவள் சொல்லிப்போட்டாள். நீங்கள் உள்ளுக்குப் போவியள். கொஞ்சத்தாலை மெல்லிசாய், கண்ணாடி போட்ட ஒரு பெட்டை வந்து சாட்சிக் கூண்டிலை ஏறுவாள். சத்தம் பெரிசாய் வராது. தகப்பன்ரை முகத்தைப் பாக்கமாட்டாள், தமையன்ரை முகத்தைப் பாக்க ஏலாது. எங்கையோ ஒரு இடத்தைப் பாத்துத்தானே கதைக்க வேணும். உங்களைப் பாத்தாளெண்டால், அக்கா, முகத்தைத் திருப்பாதேங்கோ. அவ்வளவுதான்.

அந்தா கதவு திறந்திட்டுது. கவுண் போட்ட மனிசி கூப்பிடுறா, கேட்டதோ, கிருசாந்தன் செபமாலைமுத்து எண்டு, என்ர மூத்தவன்ரை பேரை. எழும்புங்கோ. உங்கட கேஸ்தான் அது. எங்கடையும் அதுதான்.