நம்பர் விழலை

கோல்பிக்கு அவன் மனைவி இன்னும் ஒரு அளவு பெரிய சட்டையாக வாங்கித் தரலாம். மேசைக்கு அந்தப் பக்கம் ஷெரிஃப் அலுவலகப் போலீஸ் சீருடையில் உட்கார்ந்து அவன் என்னை அவ்வளவு வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் விட்டுத் தெறிக்கப்போகும் அவனுடைய மூன்றாவது பொத்தானைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கணவனைப் புதைத்த வாரத்தில் இப்படி யோசிக்கலாமோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே எனக்குத் தலைக்குள் சோடா பொங்குகிற மாதிரி இருக்கிறது. சிரிப்பு வரும்போதெல்லாம் காபிக் கோப்பையை வாயில் வைத்துக்கொள்கிறேன்.

டெல்மர் நல்ல கணவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, குளிர்காலத்தில் என் வண்டிமேல் கிடக்கும் பனியை அவரே வழித்துவிடுவார். எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு விஷயம். துப்பாக்கிக் குண்டில் அவர் பெரிய நாற்பத்தைந்து காலிபர் கட்சி, நான் சின்ன ஒன்பது மில்லிமீட்டர் கட்சி. எங்கள் வயோமிங் மாநிலத்தில் இதைவிட அற்பமான காரணங்களுக்காக சர்ச் மாறியவர்கள் இருக்கிறார்கள்.

"பெரிய ஓட்டை, செல்லம். பெரிய ஓட்டைதான் வேலைக்கு ஆகும்" என்பார்.

நான் எண்களைச் சொல்வேன். என்னுடைய குண்டு வினாடிக்கு ஆயிரத்து நூற்றைம்பது அடி பாய்கிறது. அவருடையது எண்ணூற்றைம்பதைத் தாண்டினாலே பெரிய விஷயம். இப்போது வரும் நல்ல குண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழம்தான் போகின்றன. என் துப்பாக்கி கையை அதிகம் உதைக்காது, அதனால் இரண்டாவது குண்டும் குறியிலேயே விழும். வீட்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் நமக்கு வேண்டியது அதுதானே. இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் டெல்மர், எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் மெர்லைப் பார்ப்பார்.

"கேட்டியா மெர்ல், கொசு அடிக்கற துப்பாக்கிக்கு எவ்ளோ பேச்சு!"

"விடுப்பா, அவங்களுக்கும் பொழுது போகணும்ல?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஞாயிறன்று கிளப் மைதானத்தில் இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவதாக ஏற்பாடு. டெல்மர் தன் ரிவால்வருக்கு வேகமான தோட்டாக்களை வீட்டுக் கீழ்த்தளத்தில் தானே செய்தார். செய்தபோது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், போனில் மெர்லோடு இதே சண்டை. பேசிக்கொண்டே தோட்டாவில் வெடிமருந்து போடக் கூடாது என்று எங்கள் கிளப் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவர் டெல்மர்.

வேகம் அளக்கும் பெட்டியை முன்னால் வைத்தோம். குண்டு அதன் மேலாகப் போனால் திரையில் எண் வரும். படிப்பது என் வேலை.

"நம்பரை மட்டும் படி, செல்லம். உன் கருத்தை நாங்க கேக்கலை" என்றார் டெல்மர்.

வெளிச்சம் மாறினால் பெட்டி சில சமயம் குண்டைத் தவறவிடும். அப்போது படிப்பவர், "நம்பர் விழலை, இன்னொண்ணு" என்பார். சுடுபவர் மறுபடி சுடுவார். யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் வழக்கம் அது.

முதல் இரண்டும் நன்றாகவே பாய்ந்தன. மூன்றாவது வெடிக்கவில்லை. பாட்டில் மூடி கழன்ற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். அதே நேரத்தில் அடுத்த வரிசையில் ஒருவர் ரைஃபிளால் சுட்டார், அதனால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. டெல்மர் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த காதுக்கவசம் பெரிய சத்தத்தை அடக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். திரையில் எண் இல்லை. குறி அட்டையில் புதிய ஓட்டை இல்லை. மருந்து போட மறந்த தோட்டா. அடியிலுள்ள பொட்டு மட்டும் வெடித்து, குண்டு வெளியே வராமல் குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். முதலில் கவனித்தவர் "நிறுத்து" என்று கத்த வேண்டும். இது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

டெல்மருக்கும் கையில் உதை குறைந்தது தெரிந்திருக்கிறது. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினார்.

"நம்பர் என்ன, செல்லம்?"

திருமணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எண் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேகம்" என்றேன். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. "நம்பர் விழலை, இன்னொண்ணு."

அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். அந்த ஒரு நொடி நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிறகு ரிவால்வரின் மேல்பக்கம் பிளந்துகொண்டது. ஒரு துண்டு அவர் நெற்றியில் போய் நின்றது. எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. எண் விழவில்லை என்றேன், உண்மையிலேயே விழவில்லை.

கோல்பி முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினான். அவனும் எங்கள் கிளப்தான்.

"லவோன் மேடம், பக்கத்துல ரைஃபிள் வெடிச்சுது, நீங்க காதுல வேற மாட்டியிருந்தீங்க. உங்களுக்குக் கேக்கலை. வேகம் அளக்கற மெஷினைப் பத்தி உங்களுக்கு அவ்வளவாத் தெரியாது, கோளாறுன்னு நெனச்சுட்டீங்க. இதை மட்டும் சொல்லுங்க, நானே வீட்டுல கொண்டு விட்டுடறேன். மெர்ல் வீட்டுலேர்ந்து சாப்பாடு வந்திருக்கு, சூடா இருக்கும்."

நல்ல பையன். பொத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. என் வீடு, என் கட்டில், சூடான சாப்பாடு. எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அது மட்டும் வேணாம், கோல்பி" என்றேன். "எனக்கு நல்லாக் கேட்டுது. அந்த மெஷினை நான் ஒருநாளும் தப்பாப் படிச்சதில்லை."