பாரத் சோலங்கிக்கு நான் கொடுத்த விஸ்கி

என் பெயர் பூர்வி மாங்கட், வயது 31, தந்தை பெயர் தன்சுக், குஜராத் மாநிலம் தேவ்கரா அரசு மருத்துவமனைக் குடியிருப்பில் வசிக்கிறேன். அங்கேயே மூன்று ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன்.

சென்ற மாதம் 14ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு உப்பளத் தொழிலாளர்கள் பாரத் சோலங்கி, நட்வர் மக்வாணா இருவரையும் வாந்தி, மூச்சிரைப்புடன் கொண்டுவந்தார்கள். கண் முன்னால் எல்லாம் வெள்ளையாக, உப்பளத்தில் நிற்பதுபோல் இருப்பதாக பாரத் சொன்னார். முந்தின நாள் இருவரும் ஒரே கேனிலிருந்து சாராயம் குடித்திருந்தார்கள். அதில் மெத்தனால் கலந்திருப்பதாக முடிவு செய்தேன். கல்லீரலிலுள்ள ஒரு நொதி மெத்தனாலை அமிலமாக மாற்றும்போதுதான் கண்ணும் உயிரும் போகின்றன. நல்ல மதுவைக் கொடுத்தால் நொதி அதைத்தான் முதலில் பிடிக்கும், மெத்தனால் மாறாமல் மெல்ல வெளியேறும். இது முதலாம் ஆண்டு உயிர்வேதியியல் பாடம்.

இதற்குரிய மாற்று மருந்து எங்களிடம் இல்லாததால் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டு கையைக் கழுவுங்க. இது மதுவிலக்கு மாநிலம், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். அதன் பிறகு இரு குடும்பத்தாரையும் அழைத்து விளக்கினேன். நட்வரின் அண்ணன் ஜேட்டாபாய், "குடிச்சுத்தான் சாகக் கிடக்கான், அவனுக்கு இன்னும் ஊத்தணுமா? நீங்க டாக்டர்தானா மேடம்?" என்று கேட்டார். மூன்று முறை சொல்லியும் சம்மதிக்கவில்லை. பாரத்தின் மனைவி ரமீலா, "அவருக்குக் கண்ணு தெரிஞ்சா போதும், குடுங்க" என்றார்.

நல்ல மது கிடைக்குமா என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் சீல் உடையாத விஸ்கி பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "ரெண்டு பேருக்கும் போதுமா மேடம்?" என்று கேட்டார். அவர் பெயரைச் சொல்ல மறுக்கிறேன்.

அதன் பிறகு எடைக்கேற்ப அளந்து, நீர் கலந்து, மூக்குக்குழாய் வழியாக பாரத்துக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். நட்வருக்கு மற்ற சிகிச்சைகளை மட்டும் செய்தேன். பதினொன்றே காலுக்கு, ஆம்புலன்ஸ் வருமுன் அவர் இறந்தார். பாரத் மாவட்ட மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து வீடு திரும்பினார்.

அதன் பிறகு, இரத்தத்தில் மது இருந்ததால் பாரத் மீது குடித்த குற்றத்துக்காக விசாரணை வந்தது. தான் எதையும் குடிக்கவில்லை என்றும், டாக்டர் மேடம்தான் வற்புறுத்திக் குழாயில் மது ஊற்றினார் என்றும் அவர் தன் கைப்பட எழுதிய புகாரை ஆய்வாளர் என்னிடம் காட்டினார். இரண்டு பக்கம். எழுத்துகள் பொடிப்பொடியாக, ஒரு வரிகூடக் கோடு விலகாமல் இருந்தன. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இந்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பூர்வி மாங்கட்