போணிச் சரக்கு

பிரேக் லைனிங் வாங்க வருகிறவரிடம் நான் காரைப் பற்றி முதலில் கேட்க மாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எந்த ரோடு, என்ன பாரம் என்றுதான் கேட்பேன். ராயபுரத்தில் பதினான்கு வருஷமாக மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறேன். வேதமாணிக்கம் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கினால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கும் என்று பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பேச்சு. அதை என் வாயால் சொல்லக் கூடாதுதான். நீங்கள் விவரம் கேட்டதால் சொல்கிறேன்.

லைனிங்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நூலும் கல்நாரும் சேர்த்து நெய்தது. மிதித்தவுடன் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இன்னொன்று அச்சில் அழுத்தியது, கல் லைனிங் என்போம், கல்லுதான். வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் சூடேறினால்தான் பிடிக்கும். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நின்று நின்று ஓடுகிற லாரிக்கு அதைவிட நல்லது கிடையாது. சின்னக் காருக்கு அளவாக வெட்டிப் போட்டால், நெடுந்தூரம் மிதிக்காமல் வந்து முதல் மிதி மிதிக்கும்போது வண்டி கேட்காது. இரண்டுமே முதல் தரம். ஆளுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக் கொடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இக்னேஷியஸைப் பற்றிக் கேட்டீர்கள். மீன் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவர். அதற்கென்று ஒரு பழைய கறுப்புக் கார். தங்கமான மனுஷர், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு குறை. காலையில் நான் கடை திறந்ததும் வந்துவிடுவார், ஒன்றும் வாங்க மாட்டார்.

போணி உங்களுக்குத் தெரியாததல்ல. முதலில் கடையேறுகிறவர் ஒரு திருகாணியாவது வாங்க வேண்டும். வெறுங்கையோடு இறங்கினால் அன்றைக்குப் பூராவும் ஈ ஓட்ட வேண்டியதுதான். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், சகுனம் பார்க்க மாட்டோம். பூனை குறுக்கே வந்தால் அதற்குப் பால் வைக்கிற வீடு எங்கள் வீடு. போணி சகுனமில்லை ஐயா, வியாபாரம்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து லைனிங்கை நகத்தால் சுரண்டுவார், முகர்ந்து பார்ப்பார், ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்பார். நானும் பொறுமையாகச் சொல்வேன். "வூட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துர்றேன் அண்ணாச்சி" என்று எழுந்து போவார். போகிற இடம் வீடு இல்லை. பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்களைக் குவித்து விற்கிறார்களே, அங்கே. நான் சொன்னதையே அங்கே மலிவாக வாங்கி, சரியாக வாங்கியிருக்கிறாரா என்று என்னிடமே கொண்டுவந்து காட்டுவார். அதையும் பார்த்துச் சொல்வேன். இப்படி இரண்டு வருஷம்.

எனக்குக் கோபம் வருவதில்லை. ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். போன மாதம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு காலை, மறுபடி லைனிங் தேய்ந்துவிட்டது என்று வந்து உட்கார்ந்தார். நான் நிதானமாக அவருடைய ரோட்டை யோசித்தேன். தினமும் மத்தியானம் நெட்டுக்குப்பம் போவார். திருவொற்றியூர் தாண்டினால் நேர் ரோடு, பிரேக்கைத் தொடவே வேண்டாம். குப்பத்தில் ஐஸ் பெட்டி ஏற்ற வசதியாக, படகுத் துறைச் சரிவில் காரைக் கழிமுகத்துத் தண்ணீர் ஓரம் வரை இறக்குவார். முதல் மிதி அங்கேதான். அப்படிப்பட்டவருக்கு நெய்த லைனிங்தான் போட வேண்டும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் கல் லைனிங்கைச் சொன்னேன்.

வழக்கம்போல வேறு இடத்தில்தான் வாங்குவார், என் கடைக்கு ஒரு தூசி ஒட்டாது என்று நினைத்தேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு வருசமா உன்னாண்ட கேட்டுகினே கீறேன், ஒரு தபா கூட வாங்கினதில்ல. நேத்து சாமியாராண்ட பாவசங்கீர்த்தனத்துல இதையும் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இந்த தபா நீயே குடு."

என் கை ஒரு கணம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். நெய்தது மேல் தட்டில், எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் பணத்தை நீட்டிவிட்டார். நீட்டிய போணியை வேண்டாம் என்றும், மாற்றி எடுக்கிறேன் என்றும் சொல்வது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல் லைனிங்கைக் கட்டிக் கொடுத்தேன். அன்று இருட்டும்வரை கடையில் கூட்டம். நல்ல கைராசி அவருக்கு.

பக்கத்துப் பட்டறை ஜாபர்தான் அன்று சாயங்காலம் பொருத்தினான். மறுநாள் காலை, நான் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே இக்னேஷியஸ் வந்து நின்றார்.

"மிதிச்சா வழுக்கிகினு போவுது அண்ணாச்சி. ஜாபரும் இது ஒத்துக்கலன்றான். மாத்திக் குடேன்."

நீங்களே சொல்லுங்கள். போணியாக விற்ற சரக்கு. அதை மறுநாள் போணிக்கு முன்னால் திருப்பி எடுப்பதா? கடை வைத்திருக்கிற எவனும் செய்ய மாட்டான்.

"வித்த போணிய உள்ள எடுத்தா கட வெளங்குமாண்ணே? புதுசுல்லா, ரெண்டு நாள் ஓட்டுங்க, படிஞ்சிரும்" என்றேன்.

அவர் நம்பினார். போகிறவர் திரும்பி, "உனுக்கு இன்னும் போணி ஆவலியே" என்று சொல்லி, தேவையே இல்லாமல் ஒரு விளக்கு பல்பை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனது இளகிவிட்டது. அப்போதே அவரை முழுசாக மன்னித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சரிவில் கார் நிற்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, கதவு சேற்றில் புதைந்துகொண்டது என்கிறார்கள். குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் நேரம் ஆகிவிட்டது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அழுதேன். அவர் சம்சாரம் ஐரீன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி அண்ணாச்சின்னு உன் பேச்சுதான் எப்பவும்" என்றார்.

நீங்கள் ஜாபரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மட்டமான சரக்கை எவனோ கொடுத்தான், இவன் அதைப் பொருத்தினான் என்று எழுதியிருப்பதாக நேற்று ஏட்டு சொன்னார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. காலையில் கடையைக்கூடத் திறக்காமல் வந்தேன். ஜாபரை விட்டுவிடுங்கள், அவன் வேலையில் குறையில்லை. சரக்கு என்னுடையது. கார் அந்தச் சரிவில் நிற்காது, ஆள் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்தபோதும் தெரிந்தேதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'மட்டமான சரக்கு' என்ற வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். கடைக்குக் கெட்ட பேர் வந்துவிடும்.