சீப்புக்கு அழுகிறவள்

கரவனெல்லைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தாய். மடியில், ஜன்னலோரமாக, நான்கு வயது மகள். அவள் பக்கத்தில் இருந்தவர் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஊசி போட்டாக்கூட அழமாட்டா ஆயாம்மா. அட்டை கடிச்சா நின்னு வேடிக்கை பார்ப்பா.”

“அப்ப எங்கிட்ட மட்டும் ஏன்டி அந்தக் கத்து கத்துறா? சீப்பைக் கண்டா ஓடுறா. புதுக் கவுன் போட்டா பிச்சு எறியுறா.”

“அது செல்லங்க.”

“போன மாசம் அடுப்புல கைய வச்சாளே?”

“அப்பவும் அழலையே! அவங்கப்பா மாதிரி தைரியசாலி.”

மழை பிடித்தது. தாய் ஜன்னல் கண்ணாடியைச் சட்டென்று கீழே இறக்கி மூடிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் ஆயா அலறினார்.

“அடியேய், விரலு! புள்ள விரலு!”

கண்ணாடிக்கு அடியில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. சட்டத்தில் இரத்தம். சிறுமி, கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹோர்ன் அடித்தபோதுதான், மற்றக் கையால் காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டாள்.

தாய் கண்ணாடியைத் தூக்கி, முந்தானையை விரல்களில் சுற்றினாள்.

“இது தைரியம் இல்லீங்க ஆயாம்மா. இவளுக்கு வலியே தெரியல.”

“நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர்கிட்ட விரலை மட்டும் காட்டிட்டு வந்துறாத. வலி தெரியாததும், சும்மா தொட்டாலே கத்துறதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததாத்தான் இருக்கும். அடுப்பைச் சொல்லு, கவுனைச் சொல்லு. சீப்பையும் சொல்லு.”